நோயைச் சொன்னவருக்கு நட்டமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒரு பண்ணையில் விலங்குகளுக்கு நோய் வந்தால் அதை முதலில் பார்ப்பவர் யார்? காலையில் தீவனம் போடப் போகிறவர்தான். நேற்று வரை தொட்டிக்கு ஓடி வந்த பன்றி இன்று மூலையில் படுத்துக் கிடக்கிறது. மூச்சு இரைக்கிறது, இருமுகிறது. இது அவருக்குத் தெரியும். அமைச்சருக்கும் கால்நடை இலாகா அதிகாரிக்கும் தெரியாது. அவர்களுக்குத் தெரியவேண்டுமானால் இவர் வாய் திறக்க வேண்டும்.

வாய் திறந்தால் பண்ணை மூடப்படும். ஒரு விலங்குகூட வெளியே போக முடியாது. அத்தனையும் கொல்லப்படலாம். தீவனக் கடைக்காரருக்குக் கொடுக்கவேண்டிய பாக்கியும் வங்கிக் கடனும் அப்படியே நிற்கும். வாய் திறக்காவிட்டாலோ, இரவில் ஒரு லோரி வரும். பார்வைக்கு நன்றாக இருக்கும் பன்றிகளை ஏற்றிக்கொண்டு போகும். விலை குறைவுதான் என்றாலும் கையில் காசு நிற்கும்.

கால்நடை நோய்க் கட்டுப்பாடு என்று அரசாங்கங்கள் வகுக்கும் கொள்கை எத்தனை பக்கம் இருந்தாலும், இந்த மனிதர் எந்த வழியில் போவார் என்பதில்தான் அதன் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன. மலேசியா இந்தப் பாடத்தை மிக அதிக விலை கொடுத்துப் படித்தது. 1998, 1999ஆம் ஆண்டுகளின் நிப்பா நோயைத்தான் இங்கே குறிப்பிடவேண்டும்.

கொசுவைத் தேடிய மாதங்கள்

1998 செப்டம்பர் இறுதியில் பேராக் மாநிலத்தின் கிந்தா மாவட்டத்தில், ஈப்போவைச் சுற்றியுள்ள பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. தலைவலி, மயக்கம், நினைவிழப்பு என்று வளர்ந்து சிலர் இறந்தார்கள். சிலரின் இரத்தப் பரிசோதனை ஜப்பானிய மூளைக்காய்ச்சலைக் காட்டியது. ஜே.இ. என்று சுருக்கமாகப் பத்திரிகைகள் எழுதிய நோய் அதுதான். அது கொசுவால் பரவுவது. பன்றியின் உடலில் அந்தக் கிருமி பெருகும் என்பதும் மருத்துவர்கள் அறிந்ததே. ஆகவே கொசு மருந்துப் புகை அடிக்கப்பட்டது. மனிதர்களுக்குத் தடுப்பூசி, பன்றிகளுக்குத் தடுப்பூசி என்று வேலைகள் நடந்தன. அரசாங்கம் சும்மா இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தவறான எதிரியோடு சண்டை நடந்தது.

உற்றுப் பார்த்தவர்களுக்குச் சில விஷயங்கள் பொருந்தவில்லை. ஜே.இ. பொதுவாகச் சிறுவர்களை அதிகம் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் பன்றிகளோடு புழங்கிய பெரிய ஆண்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். பக்கத்திலேயே குடியிருந்தும் பன்றியைத் தொடாதவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொசு ஆளைப் பார்த்துக் கடிப்பதில்லையே! இன்னொன்றும் உண்டு: ஜே.இ. கிருமி வளர்ந்த பன்றியைப் படுக்கவைப்பது அரிது. இங்கோ பன்றிகளே நோயுற்றன. தூரத்தில் கேட்கும் அளவுக்கு, குரைப்பதுபோல் இருமின. பண்ணையாளர்கள் இதைப் பார்த்தார்கள், பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு மேலே போய்ச் சேர்ந்து முடிவாக மாறுவதற்கு மாதங்கள் பிடித்தன.

1999 மார்ச் மாதத்தில்தான் உண்மை வெளிப்பட்டது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங், இறந்த ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த மாதிரியில் புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அதை அமெரிக்காவுக்கே கொண்டுபோய் அங்குள்ள ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்தார்கள். 1994இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பனில் குதிரைகளையும் மனிதரையும் கொன்ற ஹெண்ட்ரா வைரஸின் உறவு இது என்று தெரிந்தது. அந்த நோயாளி சுங்கை நிப்பா கிராமத்தவர் என்பதால் வைரஸுக்கு நிப்பா என்ற பெயர் நிலைத்தது. ஒரு சிறு கிராமத்தின் பெயர் உலகத்து மருத்துவ நூல்களில் ஏறியது. அந்தப் பெருமையை அந்த ஊர் கேட்கவில்லை.

பழந்தின்னி வௌவால்களிடமிருந்து இது வந்தது என்பது பின்னர் தெளிவாயிற்று. தியோமான் தீவில் வௌவால்களின் சிறுநீரிலிருந்தே வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. நோய் முதலில் தோன்றிய பேராக் பண்ணையில் பன்றிக் கொட்டகைகளை ஒட்டி மாமரங்கள் இருந்தன. வௌவால் கடித்துப் போட்ட பழம் தொட்டியில் விழுந்தது, பன்றி தின்றது. பழத்தோட்டமும் பன்றிப் பண்ணையும் சேர்ந்திருந்தால் இரட்டை வருமானம் என்று நினைத்ததில் யாருக்கும் தீய எண்ணம் இல்லை.

லோரி போன வழி

ஈப்போவில் தொடங்கிய நோய் நெகிரி செம்பிலானுக்கு எப்படி வந்தது? வௌவால் கொண்டு வரவில்லை. லோரி கொண்டு வந்தது. பேராக்கில் பன்றிகள் நோயுற்றதும், இருப்பதை வந்த விலைக்குத் தள்ளிவிடும் அவசர விற்பனை நடந்தது. 1998 டிசம்பரில் சிரம்பானுக்கு அருகில் சிக்காமட்டிலும், அதன்பின் போர்ட்டிக்சன் மாவட்டத்தின் புக்கிட் பெலாண்டுக்கிலும் மனிதர்கள் விழுந்தார்கள். புக்கிட் பெலாண்டுக் அந்நாளில் இந்த வட்டாரத்தின் மிகப் பெரிய பன்றி வளர்ப்பு மையங்களில் ஒன்று. கொட்டகைகள் நெருக்கமாக இருந்த இடம். காய்ந்த லாலானில் நெருப்பு விழுந்ததுபோல் ஆயிற்று.

அங்கிருந்து சிங்கப்பூருக்கும் போயிற்று. 1999 மார்ச்சில் சிங்கப்பூரில் பன்றி அறுப்புக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கு நோய் கண்டது, ஒருவர் இறந்தார். சிங்கப்பூர் உடனே மலேசியப் பன்றிகளை நிறுத்தியது. தன் மண்ணில் பன்றி வளர்ப்பை 1980களிலேயே படிப்படியாகக் கைவிட்டிருந்த அந்த நாடு, பின்னர் இந்தோனேசியாவின் பூலாவ் பூலான் தீவிலிருந்து உயிர்ப் பன்றிகளையும், ஆஸ்திரேலியாவிலிருந்து விமானத்தில் குளிரூட்டப்பட்ட இறைச்சியையும் நம்பியது. மலேசியப் பண்ணையாளர்களின் பல ஆண்டுச் சந்தை சில நாள்களில் கைவிட்டுப் போனது.

மலேசியாவில் மொத்தம் 265 பேருக்கு நோய், 105 பேர் மரணம் என்று கணக்கு முடிந்தது.

நோயுள்ள பன்றிகளை விற்றவர்களைத் திட்டுவது எளிது. சட்டமும் திட்டத்தான் செய்யும். ஆனால் அன்றைய நிலையை யோசித்துப் பார்க்கவேண்டும். நோயின் பெயர்கூடச் சரியாகத் தெரியாத நாள்கள் அவை. பன்றியை அழித்தால் அரசாங்கம் இவ்வளவு தரும், இத்தனை நாளில் தரும் என்று எழுதிக் கையில் கொடுத்த உறுதி எதுவும் பண்ணையாளரிடம் இல்லை. இருந்ததெல்லாம் கடன். அந்த இடத்தில் நின்ற மனிதர் லோரியைத்தான் கூப்பிடுவார். அவர் கெட்டவராக இருக்கவேண்டிய அவசியமே இல்லை.

கொல்வதிலும் முறை உண்டு

1999 பிப்ரவரி 28இல் அழிப்பு தொடங்கியது. ஏப்ரல் 26க்குள் 896 பண்ணைகளில் 901,228 பன்றிகள் கொல்லப்பட்டன. இராணுவத்தினர் இறக்கப்பட்டார்கள். பிறகு நாடு முழுதும் பண்ணைகளைப் பரிசோதித்துக் கண்டுபிடித்து அழித்தவற்றையும் சேர்த்தால் ஏறத்தாழ 1.1 மில்லியன். நோய்க்கு முன் நாட்டில் இருந்த பன்றிகள் 2.4 மில்லியன் என்றால், இழப்பின் அளவு விளங்கும். பண்ணைகள் 1,885இலிருந்து 829ஆகக் குறைந்தன.

அந்த வாரங்களில் பலர் உயிருக்குப் பயந்து ஊரை விட்டே ஓடினார்கள். கொட்டகைகளில் பன்றிகள் தீவனமின்றிக் கிடந்தன. சில உடைத்துக்கொண்டு வெளியே திரிந்தன. இராணுவத்தினர் பாதுகாப்பு உடை அணிந்து போய்ச் சுட்டார்கள். அடித்துக் கொன்றதாகவும், சாகும் முன்னே குழியில் தள்ளியதாகவும் செய்திகள் வெளியாயின. அவர்களைக் குறை சொல்வதும் நியாயமில்லை. பன்றியைக் கொல்வதற்கு எவரும் அவர்களைப் பயிற்றுவிக்கவில்லை. மனிதர் நூற்றுக்கணக்கில் விழுந்துகொண்டிருந்தபோது பன்றியின் வேதனையைப் பற்றிப் பேசுவதே பலருக்கு எரிச்சலாக இருந்திருக்கும்.

ஆனாலும் பேசத்தான் வேண்டும். இரக்கம் ஒரு காரணம். இன்னொரு காரணம் முழுக்க முழுக்க மனிதருடைய நலம். நிப்பா, பன்றியின் சளியிலும் உமிழ்நீரிலும் இருந்து மனிதருக்கு ஏறியது. ஒரே அடியில் நினைவிழக்கச் செய்து அமைதியாகக் கொன்றால் அந்த விலங்கு துள்ளாது, கத்தாது, சளியைத் தெறிக்காது. பயந்து ஓடும் நூறு பன்றிகளைத் துரத்திப் பிடிப்பவர் முகத்தில் என்னென்ன தெறிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. விலங்கை முறையாகக் கொல்வதும் தொழிலாளியைக் காப்பதும் அங்கே ஒரே வேலை. அதற்குக் கருவி வேண்டும், பழகிய கை வேண்டும், நோய் வருமுன்னே எழுதி வைத்த திட்டம் வேண்டும். நோய் வந்த பிறகு இவற்றைத் தேடினால் கிடைக்காது.

மலேசியாவில் 2015ஆம் ஆண்டின் விலங்குகள் நலச் சட்டம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. நாய், பூனைகளைக் கொடுமைப்படுத்தியவர்கள் பற்றிய செய்திகளில்தான் அது பெரும்பாலும் அடிபடுகிறது. பண்ணை விலங்குகளும் விலங்குகளே என்பது அவ்வப்போது மறந்துபோகிறது.

தலைக்கு இவ்வளவு

இனிப் பணத்துக்கு வருவோம். ஐ.நா. உணவு, விவசாய நிறுவனம் வெளியிட்ட நிப்பா கையேட்டின்படி மலேசிய அரசாங்கம் பன்றி ஒன்றுக்குச் சராசரியாக 32 அமெரிக்க டாலர் கொடுத்தது. மொத்தம் ஏறத்தாழ 35 மில்லியன் டாலர். ஒரு டாலருக்கு 3.80 வெள்ளி என்று கட்டிவைத்திருந்த காலம் அது. ஆகப் பன்றிக்கு 120 வெள்ளி சொச்சம்.

பொருளாதார நெருக்கடியின் நடுவில் அரசாங்கம் அவ்வளவு கொடுத்ததே பெரிது என்பார்கள். அதில் உண்மையும் உண்டு. ஆனால் கணக்கைப் பண்ணையாளர் பக்கமிருந்தும் போட்டுப் பார்க்கவேண்டும். தாய்ப் பன்றி சினையாகி ஈனுவதற்கு மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்பது பண்ணையில் எல்லாரும் அறிந்த கணக்கு. பிறந்த குட்டி விற்கும் எடைக்கு வளர இன்னும் ஆறு மாதம் ஆகும். பண்ணையைச் சுத்தம் செய்து, அனுமதி வாங்கி, புதிய தாய்ப் பன்றிகளை விட்ட நாளிலிருந்து எண்ணினாலும் முதல் காசு வருவதற்குப் பத்து மாதம் போய்விடும். அதுவரை வீட்டுச் செலவு, பள்ளிச் செலவு, வட்டி? கொல்லப்பட்ட விலங்கின் விலையில் இந்தப் பத்து மாதம் அடங்கவே இல்லை.

புக்கிட் பெலாண்டுக்காரர்களுக்கு அந்தப் பத்து மாதக் கணக்கும் தேவைப்படவில்லை. அங்கே பன்றி வளர்க்கக் கூடாது என்று தடையே வந்துவிட்டது. நோய் கண்ட பகுதிகளில் 600க்கும் மேற்பட்ட வீடுகளும் 100க்கும் மேற்பட்ட கடைகளும் கைவிடப்பட்டதாக அதே கையேடு சொல்கிறது. பள்ளிகளும் வங்கிகளும்கூட மூடிக் கிடந்தன. பன்றியைத் தவிர வேறு தொழில் அறியாத ஐம்பது வயதுக்காரர் அந்த வயதில் செம்பனையைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

பணக்கார நாடு மட்டும் சரியாகச் செய்ததா என்றால் அதுவும் இல்லை. 2001 பிப்ரவரியில் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியது. 2,026 பண்ணைகளில் நோய் உறுதியாயிற்று. ஆறு மில்லியனுக்கு மேற்பட்ட ஆடுமாடுகளும் பன்றிகளும் கொல்லப்பட்டன. பொதுத் தேர்தல் மே மாதத்திலிருந்து ஜூனுக்குத் தள்ளிப்போனது. தேர்தல் முடிந்த கையோடு வேளாண் அமைச்சே கலைக்கப்பட்டு வேறு பெயரில் புதிய அமைச்சு வந்தது. அங்கே பண்ணையாளர்களுக்கு ஒரு பில்லியன் பவுண்டுக்கும் மேல் இழப்பீடு கிடைத்தது. மதிப்பீட்டாளர் வந்து பேரம் பேசினால் அழிப்பு தாமதமாகிறது என்பதால் மார்ச் மாதத்தில் நிலையான விலைப்பட்டியல் ஒன்று வெளியிடப்பட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் பட்டியல் விலை தரைமட்டமாக மாறியது. அதற்கு மேல் கேட்பதே வழக்கமாகி மதிப்பீடுகள் ஏறிக்கொண்டே போயின.

அதைவிடக் கவனிக்கத்தக்கது வேறு. நோய் வராத பண்ணைகள் என்ன ஆயின? விலங்குகளை இடம் மாற்றத் தடை. அதுவோ ஆடுகள் குட்டி போடும் பருவம். மேய்ச்சல் முடிந்த வயலில், சேற்றில், தீவனமின்றிச் சினையாடுகள் நின்றன. பத்து மைலுக்கு அப்பால் சொந்தக்காரரின் நல்ல புல் இருந்தும் கொண்டுபோக முடியவில்லை. அந்த வேதனையை நிறுத்துவதற்காகவே தனித்திட்டம் ஒன்று வந்து, ஏறத்தாழ இரண்டு மில்லியன் விலங்குகள் கொல்லப்பட்டன. நோய் தொட்ட பண்ணைக்கு முழு விலை, நோய் தொடாமல் முடக்கப்பட்ட பண்ணைக்குச் சேறு. நல்லபடியாகக் காவல் காத்தவர் ஏமாளியானார்.

எவ்வளவு கொடுப்பது சரி?

பறவைக் காய்ச்சல் பரவிய காலத்தில், 2006இல், உலக வங்கியும் ஐ.நா. உணவு, விவசாய நிறுவனமும் பிற அமைப்புகளும் சேர்ந்து இதை ஆராய்ந்தன. சந்தை விலையில் 75 முதல் 90 விழுக்காடு என்பது அவர்களின் பரிந்துரை. ஏன் முழு விலை இல்லை? விலையைவிடக் கூடக் கொடுத்தால் நோயை வேண்டுமென்றே வரவழைப்பவர்களும் உண்டு. பாதிக்குக் கீழே போனால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். தொகையைப் போலவே வேகமும் முக்கியம். ஆறு மாதம் கழித்து வரும் நூறு வெள்ளியைவிட, ஒரு வாரத்தில் வரும் எண்பது வெள்ளிக்குப் பண்ணையில் மதிப்பு அதிகம். இறந்த பின் காட்டும் விலங்குக்குக் குறைவாகவும், உயிரோடு இருக்கும்போதே சொன்னால் கூடுதலாகவும் தருவது இன்னொரு வழி. அப்போது சொல்வதில் லாபம் இருக்கும்.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்கள் 2019 செப்டம்பரில் மணிலா வட்டாரத்தில் நடந்ததைப் பார்க்கலாம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பிலிப்பீன்ஸுக்குள் நுழைந்திருந்தது. மாரிக்கினா ஆற்றில் செத்த பன்றிகள் மிதந்து வந்தன. பண்ணைக்காரர்கள் பேசவில்லை, ஆறு பேசியது. அழிக்கப்படும் பன்றிக்கு 3,000 பெசோ என்று இருந்த உதவித்தொகையை அந்நாட்டு விவசாய இலாகா 5,000 பெசோவாக உயர்த்தியது. அதற்கு முந்திய ஆண்டே சீனாவும் பன்றிக்கு 800 யுவான் என்பதை 1,200 ஆக்கியிருந்தது. இரண்டு அரசாங்கங்களும் திடீரென்று தாராள மனம் கொள்ளவில்லை. மறைக்கப்பட்ட ஒரு பன்றி எத்தனை பண்ணைகளைத் தின்னும் என்று கணக்குப் பார்த்தன.

அதே காய்ச்சல் 2021 பிப்ரவரியில் சபாவில் உறுதியானது. காட்டுப் பன்றிகளும் இறந்தன. அவ்வாண்டு இறுதியில் தீபகற்பத்துக்கும், 2023 தொடக்கத்தில் பினாங்குப் பண்ணைகளுக்கும் வந்தது. இது மனிதருக்குத் தொற்றாது. ஆகவே மக்களிடம் நிப்பா காலத்துப் பீதி இல்லை, பத்திரிகையின் முதல் பக்கமும் இல்லை. பண்ணையாளருக்கு மட்டும் நிலைமை அதேதான்: வந்தால் மொத்தமும் போகும்.

பட்டியலில் இல்லாதவர்

ஒரு விஷயம் மீதமிருக்கிறது. நிப்பாவில் இறந்தவர்களில் பெரும்பாலோர் சீனப் பண்ணையாளர்கள். அவர்களோடு அங்கே கூலிக்கு வேலை பார்த்த இந்தியர்களும் இருந்தார்கள். தோட்டத்தில் வருமானம் போதாமல், பக்கத்துப் பன்றிப் பண்ணையில் கழுவவும் தீவனம் போடவும் போனவர்கள். பன்றித் தலைக்கு இவ்வளவு என்று போடும் இழப்பீட்டில் பன்றி இல்லாதவர் வரமாட்டார். பண்ணை மூடியதும் அவருடைய நாள் கூலி நின்றது. அந்தக் கணக்கின்படி அவர் இழந்தது எதுவுமில்லை.

நோயை முதலில் பார்ப்பவர் தீவனம் போடுபவர் என்று தொடக்கத்தில் சொல்லப்பட்டது. பல பண்ணைகளில் அவர் உரிமையாளர் இல்லை, தொழிலாளி. வாயைத் திறந்தால் அவருக்கு வேலை போகும், இழப்பீடும் கிடையாது. திறக்காவிட்டால் சம்பளம் தொடரும், அவருடைய மூச்சில் நோய் ஏறும் வரை. இழப்பீட்டுத் திட்டத்தில் தொழிலாளிக்கு இரண்டு, மூன்று மாதச் சம்பளத்தையும் சேர்ப்பதற்குப் பெரிய செலவு பிடிக்காது. கொல்லப்படும் பன்றிகளின் விலையோடு ஒப்பிட்டால் அது சில்லறை.

இப்போது அந்த வேலையைச் செய்பவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பலர். மியன்மாரிலிருந்து வந்தவருக்கும் நேபாளத்திலிருந்து வந்தவருக்கும் மலாயும் சீனமும் எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. பன்றி இருமினால் யாரிடம் சொல்லவேண்டும் என்ற அறிவிப்பு பண்ணைச் சுவரில் எந்த மொழியில் ஒட்டப்பட்டிருக்கிறது என்று கால்நடை இலாகா ஒரு முறை போய்ப் பார்க்கலாம்.